மைக்ரோ ஜீனியஸில் சொந்தமாக விமானம் சுடுகிற ஆட்டம் செய்ய முடியுமா?

சிப்புட் டீச்சர்
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நாலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வரை வகுப்புக்கு வருகிறார்கள். அண்ணன் விட்டுப்போன மைக்ரோ ஜீனியஸ் என்கிற பழைய டிவி கேம் பெட்டி இன்னும் ஓடுகிறது, பழைய டிவியும் இருக்கிறது. விமானம் சுடுகிற ஆட்டம் ஆடியதும் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இத நாங்களே செய்யலாமா?" நாமே படம் வரைந்து, எதிரியை நிறுத்தி, பாட்டும் போட்டு ஆட்டம் செய்கிற காட்ரிஜ் (பெட்டியில் செருகுகிற ஆட்ட அட்டை) ஜப்பானில் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அது எது? எங்களில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது.

லயத்து கேமர்
டெசாயெமோன், டீச்சர். அதீனா நிறுவனம் 1991-இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்கிற கேம் பெட்டிக்கு வெளியிட்டது. மைக்ரோ ஜீனியஸும் அதே 60 பின் காட்ரிஜ் போடுகிற பெட்டிதான், அதனால் பெரும்பாலும் ஓடும். மொழியை நினைத்துப் பயப்படாதீர்கள், மெனுவில் எது எங்கே என்று ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிட்டால் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் கணக்கு நோட்டின் கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். ஒரு கட்டம் திரையில் ஒரு புள்ளி. 16-க்கு 16 கட்டம், மூன்றே நிறம், விமானத்துக்கு அது போதும். ஃபேமிகாமில் நகருகிற ஒரு படத்துண்டு 8 புள்ளி அகலம், ஒரே கிடைக்கோட்டில் 8 துண்டுக்கு மேல் காட்டாது, அதாவது 16 புள்ளி அகல விமானங்கள் நாலு அடுத்தடுத்து நின்றாலே வரிசை நிறைந்துவிடும், ஐந்தாவது மறையும் அல்லது மின்னும். எல்லா எதிரிகளையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற பிள்ளை அதைக் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் தானாகவே மேலும் கீழுமாக நகர்த்திவைக்கும். விமானம் எல்லாரும் வரைவார்கள், ஆட்டத்தைச் சுவையாக்குவது எதிரி எப்போது, எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்பதுதான்.

பேராக்காரன்
நல்ல பதில். ஆனால் பட்டனை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு புள்ளியாக வைப்பது சின்னக் கைக்குச் சலிப்பு. 1994-இல் ஃபேமிகாமுக்கு அடுத்த பெட்டியான சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த டெசாயெமோனில் மவுஸ் வேலை செய்யும், நிறமும் அதிகம். சூப்பர் ஃபேமிகாம் கிடைத்தால் அதையே எடுங்கள் அக்கா. பிறகு சேகாவின் சாட்டர்ன் பெட்டிக்கு 1997-இல் டெசாயெமோன் 2, நிண்டெண்டோ 64-க்கு 1998-இல் டெசாயெமோன் 3டி என்றெல்லாம் வந்தன. பத்து வயதுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

குலிம் மணி
காட்ரிஜ் தேடி வெள்ளி செலவழிக்கும் முன் ஒன்று சொல்கிறேன். மண்டபத்தில் பழைய கணினி இருந்தால் ஷூட் எம் அப் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட் ஓட்டலாம். இது டிவி கேம் பெட்டிக்கானது இல்லைதான், 1987-இல் சென்சிபிள் சாஃப்ட்வேர் நிறுவனம் கமடோர் 64 என்கிற பழைய கணினிக்குச் செய்தது, இப்போது எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடிக்கிற மென்பொருளில்) ஓடும். மெனு ஆங்கிலத்தில் இருக்கும். எதிரி எந்த வழியாகப் பறக்க வேண்டுமோ அதை நீங்களே ஜாய்ஸ்டிக்கால் ஓட்டிக் காட்டினால் அப்படியே பதிந்துகொள்ளும், எந்தப் பிள்ளைக்கும் உடனே புரியும். குறை என்னவென்றால், சுடும் பலத்தைக் கூட்டுகிற பவர் அப் வைக்க வழி இல்லை, அதனால் ஆட்டங்கள் ஒன்றுபோலவே இருக்கும்.

சிப்புட் டீச்சர்
எல்லாருக்கும் நன்றி. ஃபேமிகாம் காட்ரிஜையே தேடுகிறேன், பெட்டி கையில் இருக்கிறதே. பிள்ளைகள் செய்த ஆட்டம் அடுத்த சனிக்கிழமை வரை அழியாமல் இருக்குமா?

லயத்து கேமர்
காட்ரிஜுக்குள் இருக்கிற பேட்டரிதான் அதைக் காப்பாற்றுகிறது. 1991-இல் போட்ட பேட்டரி இன்று செத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உள்ளே ஈயத்தால் ஒட்டியிருப்பார்கள், டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார், மாற்றியபின் கொடுங்கள் பிள்ளைகளிடம். பழைய பேட்டரி காட்ரிஜ்களில் ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணைப்பது நல்லது, சேமித்தது கெடாது. எப்படியும் கணக்கு நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ஆட்டம் அழிந்தாலும் வரைபடம் இருந்தால் மறுபடி ஏற்றிவிடலாம்.