சத்தத்தைக் குறைத்துவிட்டு ரிங்கோவைப் பாருங்கள்

1960-களில் உலகைக் கலக்கிய இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸின் கச்சேரிப் படங்களைப் பார்த்தவர்கள் வழக்கமாகச் சொல்வது ரசிகைகளின் அலறலைப் பற்றி, அந்தத் தலைமுடியைப் பற்றி, ஜான் லெனானின் குறும்பைப் பற்றி. நான் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று மேடையிலேயே வாழ்க்கை ஓடுகிறது. எந்தக் கச்சேரி வீடியோவைப் போட்டாலும் என் கண் முதலில் பின்வரிசைக்குத்தான் போகும். பீட்டில்ஸ் படங்களையும் அப்படித்தான் பார்த்தேன், அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ ஸ்டாரை விட்டுக் கண்ணை எடுக்காமல். அப்படிப் பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறேன்.

முதலில் 1964 பிப்ரவரி 11, வாஷிங்டன் கொலீசியம். அமெரிக்காவில் அவர்கள் நடத்திய முதல் கச்சேரி. இரண்டு நாள் முன்புதான் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தொலைக்காட்சியில் தோன்றியிருந்தார்கள். பனிப்புயலால் விமானத்தை விட்டுவிட்டு நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். இந்தக் கச்சேரியை வீடியோவில் பிடித்து, அடுத்த மாதமே அமெரிக்கத் திரையரங்குகளில் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் பதிவுதான் இன்று நமக்குக் கிடைப்பது.

மேடை அரங்கத்தின் நடுவில், குத்துச்சண்டை மேடை மாதிரி. நாலு பக்கமும் கூட்டம். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மீதி ஜனம் முதுகைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி, சில பாட்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வேறு திசைக்குத் திருப்பிக்கொள்வது. மைக் நகர்கிறது, பாடுபவர்கள் நகர்கிறார்கள், டிரம்ஸ் வைத்த சின்ன மேடையைக் கையால் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கிறது. அது லேசில் திரும்பவில்லை. ரிங்கோவே எழுந்து இறங்கி வந்து தள்ளுகிறார்! உலகமே பேசிக்கொண்டிருக்கும் ஒரு குழுவின் டிரம்மர், கச்சேரி நடுவில், தன் செட்டைத் தானே நெட்டித் தள்ளிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்து அடிக்கிறார். அந்த இடத்தில் எனக்கு அவர் மேல் வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. மேடையில் இதெல்லாம் செய்தவர்களுக்குத் தெரியும், திரும்பி உட்கார்ந்ததும் ஸ்டூலின் உயரம் மாறியிருக்கும், சிம்பல் என்கிற உலோகத் தட்டின் ஸ்டாண்ட் ஒரு விரல்கடை தள்ளிப் போயிருக்கும். அதையெல்லாம் அடுத்த பாட்டு ஓடும்போதே சரிசெய்ய வேண்டும்.

அன்றைக்கு அவர் வாசித்த வேகத்தைப் பாருங்கள். வலது கை ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) மேல் காரின் வைப்பர் மாதிரி பக்கவாட்டில் போய் வருகிறது. செங்குத்தாகக் குத்தி அடிக்கவே இல்லை. அதனால்தான் அந்த ஹை-ஹாட் ஒலி தனித்தனியாக உடையாமல் ஒரே அலையாக வருகிறது. இன்னொரு விஷயம், ரிங்கோ இடது கைக்காரர். ஆனால் வலது கைக்காரர்களுக்கு வைத்த செட்டில் வாசிக்கிறார். ஃபில் (வரிகளுக்கு இடையே போடும் சின்ன அலங்கார உருட்டல்) எடுக்கும்போது கை வழக்கத்துக்கு மாறாகப் புறப்படுகிறது. பல வருடம் பதிவுகளில் கேட்டு, ‘இது என்ன கை?’ என்று குழம்பியதற்குப் பதில் படத்தில் கண்முன்னால் இருக்கிறது.

அப்புறம் 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். 55,600 பேர். பேஸ்பால் மைதானத்தின் நடுவில் ஒரு மேடை, கூட்டம் வெகு தூரத்தில் சுற்றிலும். கிட்டார்களுக்கு வாக்ஸ் நிறுவனம் செய்துகொடுத்த 100 வாட் ஆம்ப்கள் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்). குரல் போனது மைதானத்தின் ஒலிபெருக்கி வழியாக. எங்கள் ஊரில் ஒரு சுமாரான திருவிழா மேடைக்கே இதைவிட எத்தனையோ மடங்கு ஒலி வைக்கிறோம். முக்கியமான விஷயம், மேடையில் இருப்பவர்களுக்கே அவர்கள் வாசிப்பைக் கேட்கவைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டர் கிடையாது. பாடுபவருக்குத் தன் குரல் கேட்காது. டிரம்மருக்கு முன்னால் நிற்கும் மூவர் என்ன செய்கிறார்கள் என்பதே கேட்காது.

இந்தப் படத்தை நான் முதலில் ஒலியோடு பார்த்தேன். பிறகு ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன், இரண்டாவதுதான் உண்மையான கச்சேரி என்று தோன்றியது. காரணம் இருக்கிறது. அந்தப் படத்துக்காக 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சில பாடல்களை மறுபடி பாடியும் வாசித்தும் சேர்த்தார்கள். ரிங்கோ பாடும் பாட்டுக்கு இசைத்தட்டில் இருந்த பதிவையே போட்டுவிட்டார்கள். ஆக, காது கேட்பதில் ஒரு பகுதி அன்றைய மைதானத்தில் நடந்ததில்லை. ஆனால் உடம்பு அன்றைய உடம்பு.

ஒலியில்லாமல் பார்க்கும்போது ரிங்கோவின் கண்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். ஜனத்தைப் பார்க்கவில்லை. முன்னால் நிற்கும் மூன்று முதுகுகளைப் பார்க்கிறார். பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், பாட்டில் எந்த இடம் போகிறது என்பதை அவர்கள் தலை ஆட்டுவதையும் இடுப்பு அசைவதையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பேன் என்று. ஃபில் எல்லாம் போட முடியாமல் பேக்பீட்டை, அதாவது நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் விழும் அழுத்தமான அடியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். படத்தில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. வாஷிங்டனில் துள்ளிய கை ஷே ஸ்டேடியத்தில் அடங்கிவிட்டது. ஸ்னேர் என்கிற முன்பக்கத்துச் சின்ன டிரம்மில் இரண்டிலும் நான்கிலும் ஒரே உறுதியாக இறங்குகிறது. முன்னால் இருப்பவர்களுக்கு ஏதாவது ஒன்று எட்டுமென்றால் அது மட்டும்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதைத்தான் பலர் ‘ரிங்கோ பெரிய டிரம்மர் இல்லை, சும்மா தட்டுகிறார்’ என்று சொல்கிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். காது அடைத்துப்போன நிலையில் அரை மணி நேரம், 12 பாட்டு, டைமிங் விடாமல் மூன்று பேரைக் கரை சேர்த்திருக்கிறார். ஒருமுறை திருவிழாவில் எங்களுக்கு மேடை மானிட்டர் செத்துப்போய், அரைக் கச்சேரியை அப்படியே ஓட்டினோம். பாடகி மூச்சு இழுப்பதைத் தோளில் பார்த்துத்தான் சரணத்துக்குள் போனேன். கீழே இறங்கியபோது சட்டை பிழியலாம் போல இருந்தது. ரிங்கோ அதைத் தினசரி வேலையாகச் செய்தார்.

ஷே ஸ்டேடியம் படத்தின் கடைசிப் பாட்டை மட்டும் எல்லோரும் முழு ஒலியில் பாருங்கள். ஜான் ஆர்கன் வாசிக்கத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் முழங்கையால் கட்டைகளை இழுக்கிறார். ஜார்ஜ் ஹாரிசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மைக்குக்கு வந்தும் பாட முடியவில்லை. பால் மெக்கார்ட்னி மட்டும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறார். பின்னால் பீட் ஒரு நூல் கூட ஆடவில்லை. மூவருக்கும் அந்தக் குஷி கிடைத்ததே நாலாமவர் ஒழுங்காக இருந்ததால்தான் என்று நான் நம்புகிறேன்.

டோக்கியோ புடோகான் பதிவைப் பற்றிக் கொஞ்சம். 1966 ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை அங்கே வாசித்தார்கள், அதில் இரண்டு கச்சேரிகள் வண்ண வீடியோவில் இருக்கின்றன. ஒலிம்பிக் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அரங்கம் அது. போலீஸ் கெடுபிடி பயங்கரம், ஜனம் இருக்கையை விட்டு எழவில்லை. அலறல் குறைந்ததும் என்ன ஆயிற்று என்றால், அவர்களுக்கே தங்கள் வாசிப்பு கேட்டுவிட்டது! சுருதி சேரவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. முதல் கச்சேரியில் கொஞ்சம் தடுமாற்றம், அடுத்த பதிவில் தேறிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் ‘ரிவால்வர்’ தொகுப்பை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். ஆனால் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோவில் கடைசியாக வாசித்துவிட்டு ஊர் ஊராகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். புடோகான் படத்தைப் பார்த்தால் அந்த முடிவு யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. அந்த முகங்களில் அவ்வளவு களைப்பு.

இப்போது அவர்கள் மொட்டைமாடியில் வாசித்த கச்சேரி. 1969 ஜனவரி 30, மதிய நேரம், லண்டன் சாவில் ரோ, 3-ஆம் எண் கட்டடம். அவர்களுடைய ஆப்பிள் இசை நிறுவனத்தின் அலுவலகம். மைக்கேல் லிண்ட்சே-ஹாக் 10 கேமராக்களை வைத்துப் படம் பிடித்தார். கீழே வரவேற்பறையில்கூட ஒரு கேமராவை மறைத்து வைத்திருந்தார்கள். கேபிள்கள் மாடியிலிருந்து அடித்தளத்து ஸ்டூடியோவரை இறங்கின. மைக்குகளில் காற்று இரையாமல் இருக்கப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறைகளை வாங்கி வந்து மாட்டியவர், அப்போது டேப் ஆபரேட்டராக இருந்த ஆலன் பார்சன்ஸ். பீட்டர் ஜாக்சன் 2021-இல் வெளியிட்ட தொடரில் இந்த 42 நிமிடங்களையும் முழுசாக, திரையைப் பிரித்துப் பல கோணங்களில் காட்டுகிறார். பார்க்காதவர்கள் அதையே பாருங்கள்.

குளிரில் ஜான் தன் மனைவி யோக்கோவின் ரோம மேல்கோட்டைப் போட்டிருக்கிறார். ரிங்கோ தன் மனைவி மோரினின் சிவப்பு மழைக்கோட்டில். எல்லோரும் கையெட்டும் தூரத்தில் நெருக்கமாக நிற்கிறார்கள். ஸ்டேடியம் இல்லை, அலறல் இல்லை. முதல் பாட்டு தொடங்கிய சில நொடியிலேயே என் மனதுக்குப் பட்டது, இவருக்கு எல்லாம் கேட்கிறது! மூன்று வருடத்துக்கு முன்பு தொலைந்துபோன அந்தத் துள்ளல் கைக்கு வந்துவிட்டது. முதல் பாட்டில் ஸ்னேரில் ஓடும் அந்தக் குதிரைநடையைக் கேளுங்கள். ஷே ஸ்டேடியத்தில் அதை வாசித்திருந்தால் பத்தடி தாண்டியிருக்காது.

எங்கள் குழுவின் கீபோர்டு அண்ணனை உட்காரவைத்து இதைக் காட்டினேன். அவர் ரிங்கோவைப் பார்க்கவே இல்லை. “தம்பி, அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு? அவரு வந்ததுக்கப்புறம்தான்டா இவங்க நாலு பேரும் ஒழுங்கா இருக்காங்க” என்றார். அது விருந்தாளியாக வந்து வாசித்த பில்லி பிரெஸ்டன். அந்த ஜனவரியின் ஆரம்பத்தில் சண்டையும் சலிப்புமாக இருந்தார்கள், ஜார்ஜ் ஒரு கட்டத்தில் கோபித்துக்கொண்டு போயும்விட்டார். பிரெஸ்டன் வந்து எலக்ட்ரிக் பியானோவில் உட்கார்ந்த பிறகு சூழலே மாறியது. அண்ணன் அதைக் கதை தெரியாமல், கையையும் முகத்தையும் பார்த்தே சொல்லிவிட்டார். விருந்தாளி வாத்தியக்காரர் மேடையில் இருந்தால் எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொள்வது எங்களுக்கும் பழக்கம்தான்.

கிட்டத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று. ‘டோன்ட் லெட் மீ டவுன்’ பாட்டில் ஜானுக்கு வரி மறந்துவிடுகிறது. நிற்கவில்லை, அர்த்தமே இல்லாத ஏதோ ஒன்றை ராகத்தோடு பாடித் தள்ளிவிட்டு, பக்கத்தில் திரும்புகிறார். பாலும் அவரும் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். அடுத்து வேறொரு பாட்டுக்கு முன்னால் ஓர் உதவியாளர் வரிகள் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு ஜான் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் ‘ஒன், டூ’ என்று தொடக்க எண்ணிக்கை போய்க்கொண்டிருக்கும்போதே ரிங்கோ நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார், இன்னும் தயாராகவில்லை. அந்தத் தடங்கலோடேயே பாட்டு ‘லெட் இட் பி’ தொகுப்பில் வந்துவிட்டது. தொகுப்பில் உள்ள மூன்று பாடல்கள் இந்த மாடியில் பதிவானவைதான். ஸ்டேடியத்தில் ரிங்கோ கத்தியிருந்தால் யார் காதிலாவது விழுந்திருக்குமா?

போலீஸ் மாடிக்கு வந்துவிட்ட நிலையில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய உதவியாளர் மால் எவன்ஸ் வேறு வழியில்லாமல் ஜார்ஜ், ஜான் இருவரின் ஆம்ப்களையும் அணைக்கிறார். கிட்டார் இரண்டும் சட்டென்று இல்லாமல் போகிறது. ஜார்ஜ் விடவில்லை, திரும்பிப் போய்த் தன் ஆம்பை மறுபடி போட்டுக்கொள்கிறார். மால் எவன்ஸும் ஜானுடையதைப் போட்டுவிடுகிறார். அந்த இடைவெளியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். பாலின் பேஸ், கூடவே ரிங்கோ. டிரம்ஸுக்கு அணைக்க சுவிட்ச் கிடையாது, அவர் கையை நிறுத்தவும் இல்லை. நான் அந்தப் பகுதியை எங்கள் குழுவுக்கு வரும் புதுப் பையன்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறேன். கரன்ட் போனாலும் பாட்டு முடியும்வரை கை நிற்கக்கூடாது என்று வாயால் சொல்வதைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

ரிங்கோவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஏமாற்றம். போலீஸ்காரர்கள் மேலே ஏறி வந்து, வாசித்துக்கொண்டிருக்கும்போதே தன்னை டிரம்ஸிலிருந்து பிடித்து இழுத்துப் போவார்கள், சிம்பல் எல்லாம் தடதடவென்று விழும், படத்துக்கு அருமையான முடிவாக இருக்கும் என்று எதிர்பார்த்தாராம். அவர்கள் ஒலியைக் குறைக்கச் சொன்னதோடு சரி.