கொப்பிக் கடதாசி: கொழும்பில் வாங்குவதா, தூத்துக்குடியிலிருந்து நேரே எடுப்பதா?

கேட்டவர்: மட்டக்களப்பு அச்சகம்

வணக்கம். இரண்டு ஓப்செட் இயந்திரங்களோடு சிறிய அச்சகம் நடத்துகிறேன். மாதிரி வினாத்தாள், பற்றுச்சீட்டுப் புத்தகம், மாசி முதல் பள்ளிக் கொப்பி (நோட்டு). கொப்பி கட்ட மூன்று பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள்.

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்த மாதங்களில் நான் பழைய நாட்காட்டிகளின் பின்பக்கத்தில் பற்றுச்சீட்டு அடித்துக் கொடுத்தேன். இறக்குமதிக்கு டொலர் இல்லாவிட்டால் கடதாசி இல்லை என்பதை அப்போதுதான் உடம்பால் உணர்ந்தேன். மறு ஆண்டுப் பாடநூல்களில் ஏறக்குறைய பாதிக்கு இந்தியாவின் கடனுதவியில் வந்த கடதாசிதான் கைகொடுத்தது.

இப்போது கடதாசி தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அச்சடித்துக் கட்டிய கொப்பியாகவே வந்து இறங்குவது, நான் கடதாசி வாங்கிக் கட்டுவதைவிட மலிவாக இருக்கிறது. இது என் மூன்று பேரின் பிழைப்பு. நாலு அச்சகங்கள் சேர்ந்து கொழும்பில் வாங்காமல் ஒரு கொள்கலன் கடதாசியைத் தூத்துக்குடியிலிருந்து நேரே எடுப்பித்தால் கட்டுப்படியாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சிவகாசி தாள் வியாபாரி

அண்ணாச்சி, தாராளமாகச் செய்யலாம். ஆனால் இருபதடிக் கொள்கலனில் இருபது டன்னுக்கு மேல் ஏறும். நாலு பேரும் ஒரே அளவு, ஒரே கனம் கேட்டால்தான் ஆலையோ மொத்த வியாபாரியோ நல்ல விலை சொல்வார்கள். ஆளுக்கொரு அளவு என்றால் வெட்டுக்கூலியிலேயே லாபம் போய்விடும்.

சுங்கக் குறியீட்டில் எழுத, அச்சடிக்க எடுக்கும் தாள் 4802, கட்டிய நோட்டு 4820. இரண்டும் வேறு வேறு தலைப்பு, வரியும் தனித்தனி. 2000 மார்ச்சிலிருந்து நடப்பில் உள்ள இந்திய இலங்கை வணிக ஒப்பந்தத்தில் உங்கள் குறியீட்டுக்குச் சலுகை உண்டா என்று முதலில் சுங்க முகவரிடம் கேளுங்கள். உண்டென்றால் உற்பத்தி நாட்டுச் சான்று கட்டாயம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் இந்தோனேசியத் தாளும் புழங்குகிறது. தூத்துக்குடியில் கப்பல் ஏறியது என்பதற்காக அது இந்தியத் தாள் ஆகிவிடாது, அந்தச் சான்றும் கிடைக்காது. எந்த ஆலையில் செய்தது என்று கேட்டு, விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். கரும்புச் சக்கையில் செய்த புகளூர் ஆலைத் தாளை நான் பல ஆண்டுகளாக விற்கிறேன், நோட்டுக்கு நன்றாக ஓடும்.

ரீம் (500 தாள் கட்டு) கணக்கில் வாங்கினால் ஒன்றிரண்டைத் தராசில் வையுங்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4, 500 தாள், உறை நீங்கலாக இரண்டரைக் கிலோ இருக்க வேண்டும். கனம் குறைந்த தாளை ரீமாக விற்றால் நஷ்டம் உங்களுக்கு.

பதில் 2: வாழைச்சேனையிலிருந்து

தம்பி, என் தகப்பனார் எங்கள் ஊர்க் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்த இடம் அது. வயலில் எரிக்கிற வைக்கோல் கொப்பியானதைக் கண்ட குடும்பத்தில் பிறந்தவன், அத்தனையையும் கடல் கடந்து எடுப்பிக்கிற நிலைமை எனக்கு வலிக்கிறது. அது வேறு கதை.

நீங்கள் கவனிக்க வேண்டியது மழை. கார்த்திகை, மார்கழியில் சரக்கு இறங்கினால் உறையை உடனே கிழிக்காதீர்கள். அச்சு அறையிலேயே ஒரு நாளாவது மூடிக் கிடக்கட்டும். ஈரம் குடித்த கட்டின் ஓரத்தில் விரலை ஓட்டினால் அலை அலையாகத் தட்டுப்படும். அதை இயந்திரத்தில் வைத்தால் இரண்டிரண்டு தாளாக இழுக்கும், நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. தை பிறந்த பிறகு இறக்குவது நல்லது, ஆனால் அதுவரை காத்திருந்தால் உங்கள் கொப்பிக் காலத்துக்கு நெருக்கமாகிவிடும். அதனால் ஐப்பசிக்கு முன்னமே எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்: மட்டக்களப்பு அச்சகம்

இருவருக்கும் நன்றி. சிவகாசி அண்ணாச்சியின் பதிலைப் படித்த கையோடு, போன வாரம் ஒரு வியாபாரியிடம் 80 ஜிஎஸ்எம் என்று எழுதி வாங்கிய ஏ4 கட்டொன்றைப் பிரித்துத் தராசில் வைத்தேன். 2 கிலோ 340 கிராம். கணக்குப் போட்டால் 75 ஜிஎஸ்எம்தான் வருகிறது. ஒரு ரீமுக்கு ஏறக்குறைய 155 கிராம் குறைகிறது. என் வாடிக்கையாளர்களுக்கு 80 என்று பில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுதான் மனதை அறுக்கிறது.

மற்ற மூன்று அச்சகத்தாரிடமும் இன்று பேசினேன். இருவர் சம்மதம், ஒருவர் யோசிக்கிறார். ஒரே அளவு என்பதற்கு மூவருமே சரி என்றார்கள். வாழைச்சேனை ஐயா, ஆவணிக்குள் சரக்கை இறக்கப் பார்க்கிறோம். மிச்சம் பத்தொன்பது கட்டுகளையும் நிறுத்துவிட்டு எழுதுகிறேன்.