புதுப்பிப்பு: குவார்ட்ஸ்சைட்டுக்கு நண்பர்கள் வந்தார்கள்

ஓய்வுக்குப் பிறகு ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியிலேயே வாழும் நாங்கள், மின் இணைப்போ குழாய்த் தண்ணீரோ இல்லாத அரிசோனா பாலைவனத்தில் உள்ள குவார்ட்ஸ்சைட் ஊருக்கு நண்பர்களைக் கூப்பிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, கூப்பிட்டோம், வந்தார்கள், அருமையாகப் போனது.

ஊரையொட்டி வண்டிகளோடு முகாமிட அரசு ஒதுக்கியிருக்கும் லா போசாவில் எங்களுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கி நீண்ட நாள் தங்கலாம். தண்ணீர் பிடிக்கவும் கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும் அங்கேயே வசதி இருப்பதால், உங்களில் சிலர் பயந்த அளவுக்குச் சிரமமில்லை. பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் நிறைய மிஞ்சுகிறது.

சுற்றிய இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கோஃபா வனவிலங்குக் காப்பகத்தின் பாம் கேன்யன். கல்லும் சரளையுமான பாதையில் ஏறிப்போய் நிமிர்ந்து பார்த்தால், செங்குத்தான பாறை இடுக்கில் விசிறிப் பனைகள், காய்ந்த ஓலைகள் பாவாடை போலத் தொங்குகின்றன. நண்பகலையொட்டிப் போங்கள், அப்போதுதான் இடுக்குக்குள் வெயில் விழும். அப்புறம், ஊர்க் கல்லறையில் 1902-இல் இறந்த ஹை ஜாலியின் நினைவுப் பிரமிடு, உச்சியில் ஒரு ஒட்டகம். அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர்.

சரி, அடுத்த குளிர்காலமும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் கூட்டம் அள்ளும், வர நினைப்பவர்கள் முன்னதாகவே வந்து இடம் பிடித்துவிடுங்கள்.