புதுப்பிப்பு: ஒன்றரைக் கட்டையில் பேசத் தொடங்கிய பெட்டி

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: மீட்டிய தந்தி ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் டிஜிட்டல் சிந்தசைசர் ஒன்றை, ஒரு மின்னணுப் பொறியாளரிடம் பாதிப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லியிருந்தேன். வந்த பெட்டியில் இடைவிடாமல் மெல்லிய விசில் சத்தம். தார ஸ்தாயிப் பஞ்சமமும் (மேல் ஸ்தாயியின் ‘ப’) சுருதி விலகியது.

இரண்டுமே தீர்ந்துவிட்டன!

விசிலின் அலைவெண் சரியாக 1,000 ஹெர்ட்ஸ். அதுவே துப்பானது. நொடிக்கு 48,000 மாதிரிகளை (ஒலி அலையின் அளவுப் புள்ளிகளை) 48, 48 ஆகச் சிப் கணக்கிடுகிறது. அதாவது நொடிக்கு 1,000 முறை மின்சாரத்தை இழுக்கிறது. அந்தத் துடிப்பு, பொதுவான தரை இணைப்பு வழியாக ஒலிப் பகுதிக்குள் கசிந்திருக்கிறது. பொறியாளர் ஒலிப் பகுதிக்குத் தனி மின்வழங்கி வைத்து, தரைக் கம்பிகளை ஒரே புள்ளியில் இணைத்தார். இப்போது முழு அமைதி.

சுருதிப் பிழைதான் என்னை அதிகம் வாட்டியது. பெட்டி தந்தி ஒலியை உருவாக்குவது 1983இல் வெளியான கார்ப்ளஸ்–ஸ்ட்ராங் முறையில். அதில் மாதிரிகள் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சுழலும்; அந்தத் தாமதச் சுழற்சியின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கும். ஒன்றரைக் கட்டையில் (C# சுருதி) தாரப் பஞ்சமத்துக்குச் சுமார் 115.45 மாதிரிகள் வேண்டும். அதை 115 என முழு எண்ணாக்கியதால் சுருதி ஏறக்குறைய 7 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏறியது. தம்புராவோடு சேரும்போது அது காதைக் குத்தும். முழு எண்ணில் அடங்காத அந்தப் பின்னத் தாமதத்துக்கு ஒரு வடிகட்டி சேர்த்ததும் பஞ்சமம் சேர்ந்தது. கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். சுற்று வரைபடமும் மூல நிரலும் கைக்கு வந்த பிறகுதான் கொடுத்தேன். நீங்களும் இவற்றைத் தருவதாக முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, கமகத்துக்காக (சுரத்தை அசைத்து இழைப்பதற்காக) விரலால் தொட்டு இயக்கும் தொடுபட்டை.