பனங்களியில் கண்ட 68

திணிவு நிறமாலையில் கொத்து அயன்கள் (பல மூலக்கூறுகள் ஓர் அயனோடு ஒட்டி ஒரே துகள்போல் வருபவை) உங்களை ஏமாற்றியதுண்டா என்று தம்பி கேட்டிருந்தார். எனக்கு அது பனங்களியில் நடந்தது. மெதனோலில் எடுத்த சாற்றில் 0.1% போமிக் அமிலம் சேர்த்து நேரே எலெக்ட்ரோஸ்பிரேக்குள் விட்டேன், அது கரைசலை மின்னழுத்தத்தில் துளிகளாகத் தெளித்து அயன்களாக்கும். 227, 295, 363, 431 என்ற திணிவுகளில் ஏணிப்படி மாதிரி பீக்குகள், எல்லா இடைவெளியும் 68. தேர்ப்பீன் என்னும் தாவரச் சேர்மங்களைக் கட்டும் ஐசோபிரீன் அலகின் திணிவும் 68தானே, பனம்பழத்துக்குள் நீளமான தேர்ப்பீன் சங்கிலி ஒன்று இருக்கிறது என்று நம்பி இரண்டு கிழமை கட்டமைப்பு வரைந்தேன்.

பிறகு திணிவைத் தசமத்தோடு காட்டும் உயர் பிரிதிறன் கருவி ஒன்றில் ஓட்டக் கிடைத்தது. 226.95, 294.94, 362.93, 430.91. ஏற ஏறத் தசமம் இறங்குகிறது! ஐசோபிரீன் என்றால் படிக்கு 68.06 கூடவேண்டும், ஐதரசன் நிறைய உள்ள சேர்மத்தில் தசமம் ஏறிக்கொண்டுதான் போகும். இங்கே படி 67.987, அது சோடியம் போமேற்று, சோடியமும் போமிக் அமிலமும் சேர்ந்த உப்பு. துளி காயக் காய உப்புச் செறிந்து, ஒரு சோடியம் அயனோடு மூன்று, நான்கு, ஐந்து என்று போமேற்று அலகுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

சரி, இவ்வளவு சோடியம் எங்கிருந்து? மாதிரி இல்லாமல் கரைப்பானை மட்டும் ஓட்டினேன், அதே ஏணி. போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளை வளையம். கிணற்றுத் தண்ணீரில் கழுவி, வடித்த நீரால் அலசாமல் கவிழ்த்து வைத்த போத்தல். எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட, தேத்தண்ணியிலேயே உவர் தெரியும்.

* * *

அண்ணை, எனக்கு மிளகில். மிளகின் காரப்பொருளான பிப்பரீனுக்கு, ஒரு புரோத்தன் சேர்ந்து, 286 வந்தது, கூடவே 593இல் பெரிய பீக். மிளகில் உண்மையாகவே இரட்டை அமைட்டுகள் (பிப்பரீன் போன்ற இரண்டு மூலக்கூறுகள் பிணைந்தவை) இருப்பதால் அதை லேசில் தள்ளிவிடவும் முடியவில்லை. சேர்மங்களைப் பிரித்து வெளிவிடும் நிரலில் இரண்டும் ஒரே நிமிடத்தில் வெளிவந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கினேன்: 286 கிட்டத்தட்டப் பத்திலொன்றாகக் குறைந்தது, 593ஐக் காணவே இல்லை. இரண்டு பிப்பரீனும் ஒரு சோடியமும் சேர்ந்த கொத்து, 285.14ஐ இரட்டித்து 22.99 கூட்டினால் கணக்குச் சரி.

* * *

ஐதாக்கிப் பார்த்தது நல்ல வேலை தம்பி, நான் அதைச் செய்யவில்லை. இன்னொன்று, அந்தச் சோடியம் போமேற்றைத்தான் இப்போது நாங்கள் வேண்டுமென்றே கரைத்து, திணிவு தெரிந்த அதன் ஏணிப்படிகளை வைத்து ஒவ்வொரு நாளும் காலையில் கருவியை அளவுதிருத்துகிறோம்.