ஃபிஷர் ரிட்ஜ்: 'பிளவு முகடு' பொருந்துமா?

> டிராவர்டைன் = ஊற்றுக்கல்
> ஃபிஷர் ரிட்ஜ் = பிளவு முகடு

கலைச்சொல் பட்டியலுக்கு முன்மொழிந்த இவ்விரண்டில் ஊற்றுக்கல் எனக்குச் சம்மதம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கடலடியில் படிந்தது, இது ஊற்றுவாயில் படிவது. பெயரிலேயே பிறப்பு தெரிகிறது.

'பிளவு முகடு'தான் இடிக்கிறது. முகடு மலைக்கும் கூரைக்கும் உரியது. துருக்கியில் பாமுக்கலேயைச் சுற்றியுள்ள டெனிஸ்லி படுகையில் ஃபிஷர் ரிட்ஜ் எனப்படுபவை நீண்ட ஊற்றுக்கல் மேடுகள். உச்சி நெடுக ஒரு வெடிப்பு ஓடும், இருபுறமும் கல் அடுக்கடுக்காகச் சரியும். பிளவு என்ற சொல்லோ ஏற்கெனவே பாரம் சுமக்கிறது: அணுக்கருப் பிளவு, கனிமப் பிளவு, பிளவுப்பெயர்ச்சி. நடுவே கோடு, இருபக்கமும் சரிவு என்றால் நம்மிடம் 'வகிடு' இருக்கிறதே. வகிட்டு மேடு என்போம்.

---

வகிட்டு மேடு அருமை. ஆனால் உள்ளே இருவகைக் கல் இருக்கிறது, அவற்றுக்கும் பெயர் வேண்டும்.

ஆழத்தில் சுண்ணாம்பைக் கரைத்த வெந்நீர் வெடிப்பு வழியே ஏறுகிறது. மேலே வரவர அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் கரியமில வாயு வெளியேற, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் படிகிறது. வழிந்தோடிய நீர் வெளியே படியவைப்பது சரிவடுக்கு. வெடிப்பின் சுவர்களில் செங்குத்தாக ஒட்டுவது நிலைப்பட்டை. நிலம் இழுபட்டு வெடிப்பு அகலும்போதெல்லாம் புதுப் பட்டை சேரும்.

இந்த வேறுபாடு வெறும் பெயர் விவகாரம் இல்லை. யுரேனியம்-தோரியம் முறையில் (யுரேனியம் சிதைந்து எவ்வளவு தோரியம் சேர்ந்தது என்று பார்ப்பது; எட்டுவது ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டு) வயது பார்க்க நிலைப்பட்டையே உகந்தது. சரிவடுக்கு பொத்தலானது, களிமண் புகுந்து, அதோடு வந்த தோரியம் வயதைக் கூட்டிக் காட்டிவிடும். அரகோனைட்டாக (அதே சுண்ணாம்பின் வேறொரு படிக வடிவம்) படிந்து பிறகு கால்சைட்டாக மாறிய பட்டையையும் தவிர்க்கவேண்டும்: யுரேனியம் கசிந்திருந்தால் அங்கும் வயது கூடும்.

விரிவின் வேகம் அறிய, சுவரோரம் ஒரு கல்மாதிரி, நடுவில் ஒரு கல்மாதிரி எடுத்து வயது பார்க்கலாம். பட்டைகளின் மொத்த அகலம் 2 மீட்டர், வயது வேறுபாடு 20,000 ஆண்டு என்றால், வெடிப்பின் விரிவு ஆண்டுக்கு 0.1 மி.மீ.

---

சின்னத் திருத்தம். ஓரம் பழையது, நடு புதியது என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடமுடியாது. பழைய பட்டைக்கும் சுவருக்கும் இடையே புது வெடிப்பு விழுந்தால் வரிசை குலைந்துவிடும். குறுக்கே நாலைந்து மாதிரியாவது எடுக்கவேண்டும். அப்படி ஓரத்தில் விழுவதை 'கோணல் வகிடு' எனலாமா?