அலைகள் உங்களை அசர வச்ச தருணம் எது? அனுபவத்தைச் சொல்லுங்க

ஒற்றைக்காது:
ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். ரெண்டு ஸ்பீக்கர், ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் (ஒரே சுருதிய விடாம ஒலிக்கிற ஆப்), ரெண்டுலயும் ஒரே 440 ஹெர்ட்ஸ். ஒரு காதைப் பொத்திக்கிட்டு தலைய மெதுவா நகர்த்தினா சத்தம் ஏறும் இறங்கும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒரு எடத்துல கிட்டத்தட்ட செத்தே போச்சு, சுவத்துல பட்டு வர்ற மிச்சம் மட்டும் லேசா கேட்டுச்சு. அசையாம அப்படியே நின்னுக்கிட்டு ஃப்ரெண்டுகிட்ட இடது ஸ்பீக்கர் ஒயரைப் புடுங்கச் சொன்னேன். புடுங்கினதும் சத்தம் கூடிருச்சுங்க! ஒண்ணை நிறுத்தினா கூடுது. 440க்கு அலைநீளம் சுமார் 78 செ.மீ., அதுல பாதி தூர வித்தியாசம் இருந்தா இதோட மேடும் அதோட பள்ளமும் ஒண்ணா வந்து சேரும், கணக்கு புரியுது. ஆனா வந்த ஆற்றல் எங்க போச்சு?

சுருள்:
எங்கயும் போகல. மேடும் மேடும் சேர்ற எடத்துல வீச்சு, அதாவது அலையோட உயரம், ரெண்டு மடங்கு, ஆற்றல் வீச்சோட வர்க்கம்ங்கறதால நாலு மடங்கு. அங்க கூடுனது உங்க காதுகிட்ட குறைஞ்சது, அவ்ளோதான்.

எனக்கு இதே மாதிரி ஸ்லிங்கி ஸ்பிரிங்ல ஆச்சு. தரையில நீட்டி வச்சு ரெண்டு முனையில இருந்தும் எதிரெதிர் பக்கமா ஒவ்வொரு உதறல். ரெண்டு வளைவும் நடுவுல சந்திக்கிற அந்த ஒரு நொடி ஸ்பிரிங் நேர்கோடா கிடக்குது, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அடுத்த நொடி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தாண்டி வெளிய வந்து அது பாட்டுக்கு போகுது! ஸ்லோ மோஷன்ல எடுத்து வச்சு திரும்பத் திரும்பப் பாத்தேன்.

மிதவை:
சுருள், ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. ஸ்பிரிங் நேரா இருக்கிற நொடியில அதோட சுருள்கள் நிக்கல, வேகமா ஓடிக்கிட்டிருக்கு, ஆற்றல் அங்கேயே இயக்க ஆற்றலா இருக்கு. ஸ்பீக்கர் விஷயத்துல ஆற்றல் வேற எடத்துக்குப் பங்காகுது. வேற வேற கதை.

என்னோடது கடல். அலை உடையற எடத்தைத் தாண்டி மல்லாந்து மிதந்தேன். பெரிய அலை வருது, இழுத்துட்டுப் போகப் போகுதுன்னு பயந்தா தூக்குது, முன்னால தள்ளுது, இறக்குது, பின்னால இழுத்து பழைய எடத்துலயே விட்டுட்டுப் போயிடுது. தண்ணி வட்டம்தான் அடிக்குது, போறது அலை மட்டும்.

பேஸ்பூஸ்ட்:
அதே எடம்னு சொல்ல முடியாது மிதவை, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் முன்னால நகரும், வட்டம் முழுசா மூடாது. அதை நம்பி மிதக்காதீங்க.

எனக்கு சைரன்தான். வண்டி தாண்டின நொடியில சுருதி சர்ர்னு இறங்குச்சு, வேற வண்டின்னே நினைச்சேன்.

ஒற்றைக்காது, ஸ்பீக்கர் செட் பண்றீங்கன்னா ஒண்ணு சொல்றேன். ரூம் நடுவுல உக்காராதீங்க, அங்கதான் பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி சத்தம், காணாம போகும், மூலையில போய் நின்னு பாருங்க, குமுறும். 50 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், சின்ன ரூமுக்குள்ள ஒரு முழு அலை கூட அடங்காது, அதனாலதான் இந்தத் தொல்லை. அப்புறம் சுவத்துல ஒட்டுற மெல்லிசு ஃபோம் வாங்கவே வாங்காதீங்க, அது கிறீச் சத்தத்துக்கு உதவும், அவ்வளவு நீள அலைய ரெண்டு இஞ்ச் ஃபோம் ஒண்ணும் பண்ணாது. முதல்ல சப்வூஃபரை (பேஸுக்குன்னே இருக்கிற ஸ்பீக்கர்) நீங்க உக்கார்ற சேர்ல வச்சிட்டு, பாட்டைப் போட்டு, தரையில தவழ்ந்து எங்க பேஸ் சீரா கேக்குதுன்னு தேடுங்க, அந்த எடத்துல சப்வூஃபரை வைங்க. சேரை ஒரு அடி நகர்த்தினாலே கூட வித்தியாசம் தெரியும். பேஸ் காணாம போற எடத்துக்காக ஈக்வலைசர்ல (சுருதிவாரியா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது) அதைத் தூக்கப் பாக்காதீங்க, ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்தான் திணறும்.

ஒற்றைக்காது:
ஸ்பீக்கர் எங்க வைக்கணும்னு நான் கேக்கவே இல்லயே :) சுருள் சொன்னது சரி, ஆனா ஒரு சந்தேகம். ரெண்டு ஸ்பீக்கரையும் முகத்தோட முகம் ஒட்டி வச்சு, ஒண்ணுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் ஒயரை மாத்திக் குடுத்தா பேஸ் எல்லாப் பக்கமும்தானே செத்துப் போகுது? நாலு மடங்கு எந்தப் பக்கம் இருக்கு?

சுருள்:
எந்தப் பக்கமும் இல்ல. ஒரு ஸ்பீக்கரோட கோன் (முன்னும் பின்னும் அதிர்ற கூம்பு) தள்ளுற காத்தை எதிர்ல இருக்கறது உள்ள இழுத்துக்குது, அலையா வெளிய கிளம்பறதே ரொம்பக் கம்மி. கிளம்பாத அலையோட ஆற்றலைத் தேட வேண்டாம். ஆம்ப் குடுக்கறதுல பெரும்பங்கு எப்பவும் போல ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருள்ல (காயில்) சூடாத்தான் போகும்.